ஈ இல்லாத முகம்

சிலான்டோயின் கண்கள் மறுபடியும் ஒட்டிக்கொண்டன.

"அம்மா, விடிஞ்சிருச்சா?" என்று அவள் படுக்கைத் தோலில் உட்கார்ந்தபடி கேட்டாள். சாணம் பூசிய சுவரில் இருந்த கைப்பிடி அகல ஓட்டை வழியாக வெயில் அவள் நெற்றியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

செலெய்னா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் தேநீரில் மிச்சமிருந்த வெதுவெதுப்பில் துணியை நனைத்து மகளின் கண்மேல் வைத்தாள். சீழ் காய்ந்து மஞ்சளும் பச்சையுமாகக் கோந்து போல இறுகியிருந்தது. ஊற ஊற அது நூல் நூலாக இழுபட்டது. அந்தக் கோந்துக்குள் ஒரு ஈயின் கால் ஒட்டியிருந்தது. உடம்பு இல்லை, கால் மட்டும். செலெய்னா தொண்டைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"திறந்திருச்சு. இப்பத் தெரியுதா?"

"தெரியுது. ஆனா மண்ணு இருக்கற மாதிரி இருக்கு. உள்ள."

பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண் சிவந்த பிள்ளை வர வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று. மருந்தகத்தில் கொடுத்த களிம்பைப் போட்டாள். சரியானது. மறுபடி வந்தது. மறுபடி போட்டாள். ஒரு பானை ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பானை ஒழுகுவது போல இருந்தது அவளுக்கு.

வெளியே பட்டியில் மாடுகள் கறக்கப்பட்டுப் போய்விட்டன. மழை பொய்த்ததில் மந்தை பாதியாகிவிட்டது. மிச்சமிருந்தவை விலா எலும்பு தெரிய நடந்தன. ஆனாலும் சாணம் இருந்தது, சாணத்தில் ஈ இருந்தது. கன்றின் பின்புறத்தில் உட்கார்ந்த ஈ எழுந்து, பால் சுரைக்குடுக்கையின் வாயில் உட்கார்ந்து, அங்கிருந்து பிள்ளைகளின் முகத்துக்குப் போனது. புருஷனின் மூத்த மனைவி நோல்மோங்கியின் பிள்ளைகள் டஜெயுவும் சங்காவும் வாசலில் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் மூக்குச் சளி மேலுதட்டில் இரண்டு தண்டவாளமாக இறங்கியிருந்தது. கண்ணோரத்தில் ஈக்கள் கொத்தாக, தண்ணீர்த் துறையில் தலை குனிந்த மாடுகளைப் போல வரிசையாகக் குடித்துக்கொண்டிருந்தன. பையன்கள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. ஈக்களும் எழவில்லை.

செலெய்னா நாரோக் நகரத்துக் கறிக்கடைக்காரர் மகள். அவள் அப்பா நாள் முழுக்க ஈரச் சாக்கை வீசி ஈ அடிப்பார். ஒரு ஈ கறியில் உட்கார்ந்தால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது முதல் நாளே, புதுப்பெண் மடியில் உட்கார வைக்கும் குழந்தையாக யாரோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதன் முகத்தில் மொய்த்த ஈக்களை அவள் கையால் விரட்டினாள். கூடியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது ஏன் என்று அவளுக்கு அன்று புரியவில்லை.

பின்னர் புருஷன் மெபுகோரி சொன்னார்.

"பால் குடிச்ச வாயிலதான் ஈ உக்காரும். மாடு இல்லாதவன் பிள்ளை மூஞ்சில எது வந்து உக்காரும்? ஈய விரட்டினா இந்த வீட்டு மாட்ட விரட்டின மாதிரி. இனிமே செய்யாத."

"ஏய் நாரோக்காரி, வர்றியா, இல்ல நானே புடுங்கிக்கட்டுமா?" என்று இப்போது வெளியிலிருந்து நோல்மோங்கி குரல் கொடுத்தாள்.

அவள் வேலியோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இமை உள்பக்கமாக மடங்கி, மயிர்கள் முழியைத் தேய்த்துத் தேய்த்து, வலது முழியில் பால் கலந்தது போல ஒரு மறைப்பு விழுந்திருந்தது. எந்நேரமும் நீர் ஒழுகும். அதைத் துணி முனையால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். அதே முனையால் சங்காவின் மூக்கையும் துடைப்பாள், டஜெயுவின் கண்ணையும் துடைப்பாள், பக்கத்தில் இருந்தால் சிலான்டோயின் கண்ணையும். குழந்தைகள் எல்லாம் பெரும்பாலும் இரவில் அவள் வீட்டில் ஒரே தோலில் படுப்பார்கள். அது வழக்கம். என் பிள்ளை தனி என்று சொல்வது சக்களத்தி வீட்டில் துப்புவதற்குச் சமம்.

செலெய்னா தகரச் சாமணத்தைக் கொதிநீரில் காட்டிவிட்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். கம்பி போலக் குத்திட்ட மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"மெதுவாடி. ஆட்டு மயிரா புடுங்குற?"

"ஆடுன்னா அசையாம நிக்கும்க்கா. நீங்க தலைய ஆட்டுறீங்க."

"ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?"

"திருப்பல."

"குமட்டுதா?"

செலெய்னா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

"சொல்லேன். குடல உருவித் தொங்கவிடற வீட்டுல பொறந்துட்டு, கண்ணுப் பீளைக்கு மூஞ்சி சுளிக்கிற."

"குடல் செத்ததுக்கா. இது உயிரோட ஒழுகுது."

நோல்மோங்கி தொடையில் அடித்துச் சிரித்தாள். சிரித்ததில் கண்ணிலிருந்து ஒரு கட்டி நழுவிச் செலெய்னாவின் விரலில் விழுந்தது. செலெய்னா எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய், குனிந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இதுவும் வழக்கம்தான்.

அந்த மாதம்தான் மருந்துக்காரர்கள் பள்ளிக்கூடத்து முள்மரத்தடிக்கு வந்தார்கள். அவர்களில் கொய்னெட் என்ற பையன், மோட்டார் சைக்கிளில் தூசியோடு வந்து இறங்கியதிலிருந்து வாய் ஓயாமல் பேசினான். கோடு போட்ட ஒரு கழியின் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, உயரத்துக்குத் தகுந்த மருந்தைக் கொடுத்தான். சின்னவர்களுக்குப் பாகு, பெரியவர்களுக்கு மாத்திரை. மாட்டுக்கும் இப்படித்தான் அளந்து கொடுப்பானா என்று ஒரு கிழவர் கேட்டார். "மாடு இவ்வளவு அழாதுய்யா" என்றான் அவன்.

சிலான்டோயின் மேலிமையை ஒரு குச்சியின் மேல் சுருட்டித் திருப்பினான்.

"இங்க வந்து பாருங்க."

செலெய்னா பார்த்தாள். உள்பக்கம் பச்சைக் கறி போலச் சிவந்திருந்தது. அதன்மேல் சோளக் குருணை தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"இது கிருமி. பிள்ளைங்க கண்ணுலதான் அதுக்கு வீடு. கையில போகும், துணியில போகும், ஈ கால்ல போகும்." பிறகு நோல்மோங்கியைக் கூப்பிட்டு அவள் இமையையும் திருப்பினான். அங்கே குருணை இல்லை. தோலில் சூடு போட்டது போல வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. "சின்ன வயசுல இவங்களுக்கும் அந்தப் பாப்பா கண்ணு மாதிரிதான் இருந்திருக்கும். திரும்பத் திரும்ப வந்து உள்ள தழும்பாகி, அது இழுத்து இமை மடங்கிருச்சு."

"சும்மா இருடா. எனக்கு இது அடுப்புப் புகை" என்றாள் நோல்மோங்கி.

"அடுப்புப் புகை எல்லாருக்கும்தான் அடிக்குது. வாங்க, ஆபரேஷன் பண்ணி இமையத் திருப்பி விடறேன்னு டாக்டர் சொல்றாரு."

"கத்தியா? உன் அம்மாவுக்குப் போட்டுப் பாரு முதல்ல."

"போட்டாச்சு. இப்ப ஊசியில நூல் கோக்குறாங்க."

செலெய்னா ஒன்றுதான் கேட்டாள். "என் பொண்ணு கண்ணும் இவங்க கண்ணு மாதிரி ஆயிருமா?"

கொய்னெட் முதன்முறையாகக் கொஞ்சம் யோசித்துப் பேசினான். "இப்ப நிப்பாட்டினா ஆகாது. ஆனா ஒண்ணு. மருந்து கிருமியக் கொல்லும். ஈகிட்ட போயி வராதேன்னு சொல்லாது. ஆத்துக்கு அந்தப் பக்கத்துல ஒருத்தரும் மருந்துக்கு வரல. அங்க இருக்கற ஈ இங்கயும் வரும். தினமும் மூஞ்சி கழுவணும், சளியோ பீளையோ ஒட்டியிருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு துணி. ஒரு வீட்டுல ஒரு பிள்ளையக் கழுவிட்டு இன்னொண்ண விட்டா, யாரையும் கழுவாத மாதிரிதான்."

எல்லாரும் மருந்து குடித்தார்கள். மெபுகோரியும் விழுங்கினார். மருந்தில் அவருக்கு மறுப்பு இல்லை, கன்றுக்கு ஊசி போடுபவர்தான் அவர். சில வாரங்களில் பிள்ளைகளின் கண் சிவப்பு நீங்கி வெளுத்தது. சிலான்டோய் பள்ளிக்கூடம் போனாள். செலெய்னா ஒரு தகர டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு வேலிக்கம்பில் தொங்கவிட்டாள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நூலாக ஒழுகும், ஒரு முகத்துக்குப் போதும். ஆறு வற்றிவிட்டதால் தண்ணீர் கழுதைமேல் வருகிறது, குளத்துக்குப் போய் வரவே அரைப் பகல். அந்தக் குவளையையும் அவள் தன் குடிநீரிலிருந்துதான் எடுத்தாள். டஜெயுவும் சங்காவும் டப்பாவைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவார்கள். அவர்களைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அவர்கள் அம்மா இருக்கும்போது நான் ஏன் என்று நினைத்துக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அந்தச் சளியைத் தொட வேண்டுமே என்பதுதான்.

மெபுகோரி டப்பாவைப் பார்த்து முகம் சுளிப்பார். பட்டிப் பக்கம் போய்விடுவார். மந்தை சுருங்கச் சுருங்க ஈயும் குறைந்துகொண்டே வந்தது அவர் கண்ணில் பட்டிருந்தது.

பிறகு ஆற்றுக்கு அப்பாலிருந்து கசாயினே என்பவர் ஆள் அனுப்பிச் சொன்னார். தன் கழுதை ஒன்று தொலைந்துவிட்டதாம். தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வருவாராம்.

கழுதை தொலையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நோல்மோங்கியின் மூத்த மகன் மெயிடாமெய்க்கு அவர் மகளைக் கேட்டிருந்தார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று பட்டியைப் பார்த்து முடிவு செய்ய வருகிறார். வறட்சி யாரை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வருகிறார்.

"நாளைக்கு யாரும் மூஞ்சி கழுவ வேண்டாம்" என்றார் மெபுகோரி, மாடுகள் அடைந்த நேரத்தில்.

"என் பொண்ணு கழுவுவா" என்றாள் செலெய்னா.

"உன் பொண்ணு யாரு பொண்ணு?"

"கண்ணு அவளோடது."

அவர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நோல்மோங்கி பால் குடுக்கையை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். மகனின் கல்யாணத்தைச் சுமந்துகொண்டு ஒரு வாரமாக அவள் மெல்லப் பேசி, மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் செலெய்னா மகளுக்கு முகம் கழுவிப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குக் கிளம்பினாள். விருந்தாளிக்குத் தேநீர் வேண்டும். வெயில் உச்சிக்கு வந்தபோது கழுதையை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். முள்வேலிக்குள் நுழைந்ததும் நின்றாள்.

மூன்று பிள்ளைகளும் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய சிலான்டோயும் இருந்தாள். மூன்று பேர் முகத்திலும் கன்னம், மூக்கு, கண்ணிமை என்று பால் பூசியிருந்தது. புதுப்பால் இல்லை, குடுக்கை அடியில் திரிந்து கட்டியான பால். வெயிலில் அது காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் ஈரமாகப் புளித்து நாறியது. பட்டியில் இருந்த ஈ மொத்தமும் அங்கேதான் இருந்தது. சங்காவின் முகத்தில் தோலே தெரியவில்லை. முகம் கறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. சிலான்டோய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டோரத்துப் பாலை நாக்கால் நக்கினாள். நாக்கில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தது.

அந்தப் பால், வீட்டில் குடிக்க இருந்த கடைசிப் பால்.

"யாரு பூசினது?"

"பெரியம்மா" என்றாள் சிலான்டோய், கண் திறக்காமல். "ஆடக் கூடாதாம்."

"வர்றாங்க" என்றார் மெபுகோரி, பின்னால் வந்து, தாழ்ந்த குரலில். "கைய வைக்காத. இன்னிக்கு ஒரு நாள்."

வேலிக்கு வெளியே செருப்புச் சத்தமும் இருமலும் கேட்டன. செலெய்னா கழுதையின் முதுகிலிருந்து மஞ்சள் கேனை இறக்கினாள். மகளை எழுப்பி நிறுத்தினாள். டப்பா, குவளை எதையும் தேடவில்லை. கேனைச் சாய்த்து, காலை முழுக்க நடந்து கொண்டுவந்த தண்ணீரை அப்படியே மகளின் முகத்தில் ஊற்றித் தேய்த்தாள். ஈக்கள் ஒரு கம்பளம் தூக்கியது போல எழுந்தன. கட்டிப்பால் உருண்டை உருண்டையாக அவள் விரலிடுக்கில் வழிந்தது. கண்ணைத் துடைத்து முடிக்கவும் கசாயினே உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர் பருத்த மனிதர். கூட ஒரு தம்பி வந்திருந்தார். அன்று மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியில் நிறுத்தியிருந்த மாடுகளைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், கடைசியாகப் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் வழக்கப்படி தலை குனிந்து வந்தார்கள். அவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்து, ஆசியாக ஒவ்வொரு தலையிலும் வைத்தார். சிலான்டோயின் ஈரத்தலையில் கை பட்டதும் கையை எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு பிள்ளை?"

"என்னுதுதான். ரெண்டாவது வீடு."

"ஓ." கசாயினே மூக்குப்பொடியை நிதானமாக எடுத்தார். "தப்பா நினைக்காத மெபுகோரி. ரெண்டாவது வீட்டுக்கு மாடு பிரிச்சுக் குடுக்கலையா?"

"என்ன பேச்சு இது!"

"கேக்குறேன். மூத்தவ பசங்க மூஞ்சில பால் வாசம், நல்லா மொய்க்குது, சந்தோஷம். இது மட்டும் காஞ்ச எலும்பு மாதிரி இருக்கு. ஒரு வீட்டுக்குப் பால், ஒரு வீட்டுக்குத் தண்ணியா? நாளைக்கு என் பொண்ணு இங்க வந்தா அவ பிள்ளை மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்க்கணுமில்ல?"

தம்பி தலையை ஆட்டினார். மெபுகோரியின் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவிக்கு மாடு ஒதுக்காதவன் என்ற பேச்சு ஆறு தாண்டிப் போனால், மெயிடாமெய்க்கு மட்டுமல்ல, பின்னால் இந்தச் சின்னவன்களுக்கும் பெண் கிடைக்காது. செலெய்னா தன் வெள்ளைப் பசுவைப் பார்த்தாள். எனக்கு மாடு இருக்கிறது என்று சொல்லலாம். ஆண்கள் பேசும்போது அவள் சொன்னால் அது பொய்யாகவே கேட்கும். மகளின் முகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு தடவை பால் பூசச் சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்தாள்.

அப்போது நோல்மோங்கி சிரித்தாள். தொடையில் அடித்துக்கொண்டு, வழக்கமான அதே சிரிப்பு.

"மாடா? அந்தா நிக்குதே வெள்ளைப் பசு, வளைஞ்ச கொம்பு, அது அவளோடது. அந்தச் செவலையும் கன்னும் அவளோடது. மாடு இல்லாம இல்லண்ணே. இவளுக்கு மூளைதான் இல்ல. நாரோக்காரி! ஈயக் கண்டா வாந்தி எடுப்பா."

"ஈயக் கண்டா வாந்தியா?"

"சத்தியமா. என் கண்ணுல மயிர் புடுங்குறப்ப தினமும் அந்தப் பக்கம் ஓடிட்டு வருவா. பெத்த பிள்ளை மூஞ்சில ஈ உக்காந்தா இவளுக்குச் சோறு இறங்காது. அதான் போட்டுத் தேச்சுத் தேச்சு பிள்ளை மூஞ்சி இப்படி ஆயிப்போச்சு. நம்ப மாட்டீங்களா? டேய் டஜெயு, போ, சித்தியக் கட்டிப்பிடி."

டஜெயு உற்சாகமாக ஓடி வந்தான். திரிந்த பாலும் சளியும் கலந்த முகத்தைச் செலெய்னாவின் கழுத்தில் புதைத்தான். ஈக்களில் பாதி அவன் முகத்திலிருந்து அவள் முகத்துக்கு இடம் மாறின. ஒன்று அவன் கண்ணோரத்திலிருந்து நேராக வந்து அவள் உதட்டில் உட்கார்ந்தது. அதன் கால் ஈரமாக இருந்ததை அவள் உணர்ந்தாள்.

அவள் பையனைத் தள்ளிவிட்டுத் திரும்பி, எல்லார் எதிரிலும், குனிந்து கக்கினாள். காலையில் குடித்த கறுப்புத் தேநீர் கசாயினேயின் செருப்புக்குப் பக்கத்தில் தெறித்தது.

கசாயினே போர்வை நழுவச் சிரித்தார். தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். மெபுகோரியும் சிரித்தார், முதலில் கடனுக்கு, பிறகு உண்மையாக. "எங்க புடிச்ச இவள?" என்று கேட்டு மூச்சு வாங்கினார் கசாயினே. "நல்லவேளை. நான்கூட உன்னக் கஞ்சன்னு நினைச்சிட்டேன்."

"கழுதையத் தேடணும்னு சொன்னீங்களே?" என்றார் மெபுகோரி.

"எந்தக் கழுதை? தேநீர் போடச் சொல்லு."

ஆண்கள் நோல்மோங்கி வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார்கள். மிச்சத் தண்ணீரில் தேநீர் கொதித்தது. உள்ளேயிருந்து "உவ்வே" என்று யாரோ செய்து காட்டுவதும், மறுபடி சிரிப்பும் கேட்டன. இந்தக் கதை இன்று மாலைக்குள் ஆற்றைத் தாண்டும். சாகும்வரை அவள் பெயர் அதுதான். செலெய்னா சுவரோரம் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு துடைத்தும் புளித்த வாசனை போகவில்லை.

நோல்மோங்கி வெளியே வந்தாள். கண்ணில் வழிந்ததை ஒற்றிக்கொண்டாள்.

"பால நீங்கதானே பூசினீங்க" என்றாள் செலெய்னா.

"பூசினேன். என் மகன் கல்யாணம். வேறென்ன செய்யச் சொல்ற?"

"அவ கண்ணு, அக்கா. அந்த மருந்துக்காரப் பையன் உங்க இமையத் திருப்பிக் காட்டினானே."

"எனக்கு அவன் காட்ட வேண்டாம். முழியில முள்ளு வச்ச மாதிரி எனக்குத் தினமும் தெரியுது." அவள் பொடி போட்டுத் தும்மினாள். உள்ளே சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "இன்னிலேருந்து என் பசங்களையும் நீயே கழுவு. யாராவது கேட்டா, அந்த நாரோக்காரிக்குக் குமட்டுது, அவ தொல்லை தாங்கலன்னு சொல்லிக்கலாம். அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரே சிரிச்சிட்டாரு."

"என்னப் பார்த்து சிரிச்சாரு."

"ஆமா. உன்னப் பார்த்துத்தான். பின்ன என்னப் பார்த்தா?" நோல்மோங்கி குனிந்து உள்ளே போனாள்.

கேனின் அடியில் ஒரு குவளைக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் இருந்தது. செலெய்னா தன் பழைய துணி ஒன்றை எடுத்து மூன்று துண்டாகக் கிழித்தாள். ஒன்றைச் சிலான்டோயிடம் கொடுத்து, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றாள். டஜெயுவைப் பிடித்துக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். அவன் உதைத்தான். காய்ந்த பால் முதலில் பொருக்குப் பொருக்காக வந்தது. அதன் அடியில் பழைய சளி வந்தது. அதன் அடியில், கண்ணோரத்தில், மஞ்சளாக இளகிய ஒன்று விரலோடு நீண்டு வந்து அறுந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பக்கம் பார்த்தபடி வெறும் எச்சிலைத் துப்பிக்கொண்டு, கண்ணில் நீரோடு மூச்சு வாங்கினாள்.

டஜெயு உதைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். கழுவிய கண் பெரிதாக, ஈரமாக, முதன்முதலாக எதையோ பார்ப்பது போல இருந்தது. பிறகு மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

"சித்தி, இந்தப் பக்கம்."